மலைமேல் வானாய்வு, மன்றத்தில் தமிழ் எங்கே?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் உழைப்பாளர் பகலெல்லாம் குனிந்தே பாடாற்றுகின்றனர். அவ்வூர்களுக்குத் தெற்கே, சவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இரவெல்லாம் விண்ணை ஆய்கின்றது. 1977-இல் யுரேனசுக் கோளின் வளையங்களைக் கண்டறிந்த ஆய்வகங்களுள் அதுவும் ஒன்று. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே கண்திறந்தது.

பெருமைதான்! ஆனால், அவ்வுழைப்பாளரின் மக்கள் அதனை எம்மொழியில் அறிவது? மாணவர்க்கும் இளம் ஆய்வாளர்க்குமெனக் கூட்டப்பெறும் விண்வெளி மாநாடுகளில் ஆங்கிலமே அரசோச்சுகின்றது. கோள் என்றும் விண்மீன் என்றும் பெயரிட்டு வானறிந்த மொழிக்கு அங்கே இருக்கை இல்லையா?

நாம் கேட்பது ஒன்றே: வேலூர் வட்டாரத்தில் கூடும் அத்தகு மாநாடு ஒவ்வொன்றிலும் ஒரு நாளேனும் தமிழில் ஆய்வுரை நிகழ்க! ஆங்கிலம் கற்கட்டும், தமிழில் எண்ணட்டும். தாய்மொழியில் ஐயம் எழுப்பும் பிள்ளையே நாளை புதியது காணும்.