பூநாரை பார்க்க 60 மடங்கு வேண்டுமா?

கேள்வி: மணலி புதுநகரில் குடியிருக்கிறோம். மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் பழவேற்காடு, எண்ணூர் கழிமுகம் என்று பறவை பார்க்கப் போகிறாள். பைனாகுலர் போதவில்லை, ஸ்பாட்டிங் ஸ்கோப் வேண்டும் என்கிறாள். நெல் விற்ற பணத்தில் 35,000 ரூபாய் ஒதுக்கலாம். இது வீண் செலவா? எப்படிப் பார்த்து வாங்குவது?

– வாசகர், மணலி புதுநகர்

பதில்: மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வரப்புக்கும் ஏரிக்கரைக்கும் 8x42 பைனாகுலர் போதும். பழவேற்காட்டில் பூநாரைகள் பெரும்பாலும் சேற்றுக்கு அப்பால், வெகு தூரத்தில் நிற்கும். ஒரு கிலோமீட்டரில் நிற்கும் பறவை 8 மடங்கில் 125 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 30 மடங்கில் 33 மீட்டர். அலகு இளஞ்சிவப்பாக இருந்து நுனி மட்டும் கறுத்திருந்தால் பெரும் பூநாரை. அலகு முழுக்கக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிறு பூநாரை. தூரத்தில் இதைப் பிரித்துச் சொல்ல ஸ்கோப் வேண்டும்.

ஆனால், பெட்டியில் பெரிதாக அச்சிட்ட '60' என்ற எண்ணைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள். காலை 9 மணி தாண்டினால் சேற்றுப்பரப்பில் கானல் ஆடும். அப்போது 60 மடங்கு வைத்தால் பறவையும் சேர்ந்து ஆடும். வெளிச்சமும் குறையும். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பாருங்கள். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்குக்கு 4 மி.மீ. ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும்; 60 மடங்குக்கு 1.3 மி.மீ.தான். நம் கடற்கரையில் பெரும்பாலும் 20 முதல் 35 மடங்குக்குள்தான் பார்ப்பீர்கள். அந்த அளவில் படம் தெளிவாக இருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டாயிரம் ரூபாய்க்கு '100 மடங்கு' என்று விற்கிற ஒற்றைக்குழல் கருவிகள் பக்கமே போக வேண்டாம்.

பணம் முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிடாதீர்கள். 8,000 முதல் 10,000 ரூபாய் வரை நல்ல ட்ரைபாடுக்கு ஒதுக்குங்கள். கடற்காற்றில் மெல்லிய ட்ரைபாட் நடுங்கினால், அந்த நடுக்கத்தையும் ஸ்கோப் பெரிதாக்கித்தான் காட்டும்.

செலஸ்ட்ரான் அல்டிமா 65 (18–55 மடங்கு), அல்டிமா 80 (20–60), கைக்கு அடக்கமான கோவா 501 (20–40) ஆகியவற்றை ஒப்பிட்டு விலை கேளுங்கள். பொன்னேரி வழியாகப் பஸ்ஸில் போய் நடக்கிற பெண்ணுக்கு நான் 65-ஐத்தான் சொல்வேன். 80 கொஞ்சம் வெளிச்சமாகக் காட்டும், தோள் வலிக்கும். கண் வைக்கும் முனை சாய்வாக இருக்கும் மாடலையே வாங்குங்கள். மகள் உயரத்துக்கு நிறுத்தினாலும் நீங்கள் லேசாகக் குனிந்து பார்த்துக்கொள்ளலாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் வீட்டில் இருந்தால், அதோடு பார்க்கும்போது முழு வட்டமும் தெரிகிறதா என்று பாருங்கள்.

கடைக்காரர் உள்ளே வைத்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, வானத்துக்கு எதிரே தெரியும் மின்கம்பியைப் பாருங்கள். கம்பி ஓரத்தில் ஊதா நிறம் பட்டையாகத் தெரிந்தால் கண்ணாடி சுமார்தான். மழைக்குத் தாங்குமா, உள்ளே நைட்ரஜன் நிரப்பியதா என்றும் கேளுங்கள். நம் ஈரக்காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். லென்ஸில் மணலோ கரித்தூளோ இருந்தால் முதலில் ஊதித் தள்ளுங்கள். துண்டால் தேய்த்தால் கீறல் விழும்.

வீண் செலவா என்று கேட்டிருந்தீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்கள் எண்ணெய் அப்பிய சிறகோடு நின்றன. முன்பு அங்கே எத்தனை பறவை இருந்தது என்று காட்ட, தேதி போட்டு எழுதிய கணக்குதான் கைகொடுக்கும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். மகளையும் சேரச் சொல்லுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்கோப் வழியாக ஒருபோதும் சூரியனைப் பார்க்கக் கூடாது, பார்வை போய்விடும். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கம் ட்ரைபாடை நிறுத்தினால் காவலர்கள் விசாரிப்பார்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள்.