நெட் போனால் கேமராவும் கண்ணை மூடிக்குமா? லவ்டேல் பக்கம் 'ஸ்மார்ட்' பொருள் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஊட்டிக்கும் கேத்திக்கும் நடுவே, மலை ரயில் நின்று போகும் சின்ன ஊர் லவ்டேல். 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியால்தான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் வாசலில் கேமரா மாட்டுவதற்குத் திருட்டு பயம் மட்டும் காரணமில்லை. ராத்திரி வாசலில் சத்தம் கேட்டால், வந்திருப்பது கரடியா, சிறுத்தையா, காட்டெருமையா என்று கதவைத் திறக்கும் முன்னாடியே தெரியணும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீட்டு கேமராக்களில் பதிவான இப்படிப்பட்ட காட்சிகள் டிவி செய்திகளில் அடிக்கடி வருவதும் இதனால்தான்.

சரி, மழை கொட்டுகிற ராத்திரியில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து கேபிளை அறுத்துவிட்டால் அந்த கேமரா என்ன செய்யும்? கடையில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை.

தீபாவளி அன்று என்ன நடந்தது?

2025 அக்டோபர் 20. இங்கே தீபாவளி. அன்று மதியம் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் வெப் சர்வீசஸ் டேட்டா சென்டர்களில் கோளாறு. பல நாடுகளில் ரிங் காலிங் பெல் கேமராக்களும் அலெக்சாவும் தடுமாறின. வெப்பத்தைத் தானே சரிசெய்யும் 'எய்ட் ஸ்லீப்' மெத்தையில் படுத்தவர்கள் சூட்டைக் குறைக்க முடியவில்லை, சாய்த்து வைத்த கட்டிலைக் கீழே இறக்க முடியவில்லை என்று புலம்பினார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் காரணம் சிரிக்கிற விஷயமில்லை. பொருள் வீட்டில் இருக்கிறது, அதன் மூளை வேறொரு நாட்டில் இருக்கிறது. அந்த நிறுவனம் பின்னர் நெட் இல்லாமல் ப்ளூடூத் வழியாகவே மெத்தையை இயக்கும் வசதியைக் கொண்டுவந்தது.

கோளாறு ஒரு நாளில் சரியாகிவிடும். நிறுவனமே கடையை மூடினால்? 2014-ல் ரிவால்வ் என்ற நிறுவனத்தை நெஸ்ட் வாங்கியது. சுமார் 300 டாலருக்கு விற்ற அதன் ஸ்மார்ட் ஹோம் கருவிக்கான சர்வரை 2016 மே மாதம் நிறுத்தினார்கள். கருவி உடையவில்லை, கெட்டுப்போகவில்லை. ஆனாலும் அன்றோடு அது வெறும் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்தபோதும் இதே கதைதான்.

மலையில் இது ஏன் இன்னும் பெரிய விஷயம்?

சென்னையில் நெட் போனால் எரிச்சல், அவ்ளோதான். நீலகிரியில் மழைக்காலத்தில் மின்சாரம், சாலை, செல்போன் சிக்னல் மூன்றும் சேர்ந்தே போகும். 2009 நவம்பர் 10-ம் தேதி, லவ்டேலுக்குப் பக்கத்து ஊரான கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க நிலச்சரிவு, 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழப்பு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்த மழை 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு பெரிய மழைகூட வேண்டாம். சாதாரண காற்று மழைக்கே சீகை மரம் ஒன்று கம்பியில் விழுந்தால், லைன்மேன் வந்து சேரும் வரை இருட்டுதான்.

கேமரா வேலை செய்யாத இரவு எவ்வளவு கேள்விகளை மிச்சம் வைக்கும் என்பதை நீலகிரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்ட இரவில் அங்கிருந்த சிசிடிவி ஏன் இயங்கவில்லை என்ற கேள்வி, அந்த வழக்கில் திரும்பத் திரும்ப எழுந்தது.

வீட்டிலேயே பதிவு செய்தால் என்ன லாபம்?

ஆங்கிலத்தில் இதை 'செல்ஃப் ஹோஸ்டிங்' என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. நம்ம வீடியோ நம்ம வீட்டுப் பெட்டியிலேயே பதிவாவது, அவ்வளவுதான். எளிய வடிவம், கேமராவுக்குள் போடும் மெமரி கார்டு. அடுத்தது ஹார்ட் டிஸ்க் உள்ள என்விஆர் ரெக்கார்டர். கம்ப்யூட்டரில் ஆர்வம் உள்ளவர்கள் பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பையிலோ 'ஹோம் அசிஸ்டென்ட்', 'ஃப்ரிகேட்' போன்ற இலவச மென்பொருளை நிறுவி, விளக்கு முதல் கேமரா வரை எல்லாவற்றையும் அதிலிருந்தே இயக்குகிறார்கள். ஹோம் அசிஸ்டென்ட் 2013-ல் பாலஸ் ஷவுட்சன் என்பவர் தொடங்கியது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஒரு கேமரா 24 மணி நேரமும் பதிவு செய்தால், ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. 128 ஜிபி கார்டில் ஐந்து நாள் தாங்கும். நான்கு கேமராக்களின் முழுப் பதிவையும் மாதம் முழுக்க கிளவுடுக்கு அனுப்ப வேண்டும் என்றால் 2,500 ஜிபிக்கு மேல் ஏற்ற வேண்டும். அதனால்தான் கிளவுட் கேமராக்களில் பெரும்பாலானவை அசைவு தெரியும்போது மட்டும் சில நொடிகள் அனுப்புகின்றன. அதையும் பழைய தேதிக்குப் போய்ப் பார்க்க மாதச் சந்தா.

மின்சாரக் கணக்கு இன்னும் முக்கியம். நான்கு கேமரா, ஒரு ரெக்கார்டர், ஒரு ரவுட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 45 வாட். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம் என்று வைத்தாலும், இன்வெர்ட்டர் தானே இழுப்பதைக் கழித்தாலும், ஓர் இரவைத் தாண்டிவிடலாம். ஆனால் அதில் டிவியும் ஃப்ரிட்ஜும் ஓடக்கூடாது. வைஃபை கேமராவில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் இருக்கும் பிளக்கில் கரண்ட் எடுக்கும். வெளிச்சுவர் பிளக் பல வீடுகளில் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது. ஒரே கேபிளில் மின்சாரமும் படமும் போகும் 'பிஓஇ' வகை என்றால் இந்தத் தலைவலி இல்லை. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குக் கரண்ட் இருந்தால் எல்லா கேமராவும் விழித்திருக்கும்.

அப்போ கிளவுடே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. லவ்டேலில் வயதான அம்மா தனியாக, மகன் சென்னையில் என்றால், அவருக்கு போனில் அலர்ட் வந்தே ஆக வேண்டும். திருடன் ரெக்கார்டரையே தூக்கிக்கொண்டு போனாலும் கிளவுடில் போன காட்சி தப்பிக்கும். ஆகவே, பதிவு வீட்டில், அலர்ட் நெட் வழியாக, வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும் கிளவுட் சந்தா என்பது இந்த மலைக்குப் பொருந்தும் ஏற்பாடு.

அந்தரங்கம் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் கறை இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வைஸ் நிறுவன கேமராக்கள் ஒரு முடக்கத்திலிருந்து மீண்டபோது, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் காட்சிப் படங்கள் வந்து சேர்ந்தன. வீட்டுப் பெட்டி என்றால் பத்திரம் என்பதும் பாதி உண்மைதான். குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் 2025-ல் இணையத்தில் விற்கப்பட்டன. பாஸ்வேர்டு 'அட்மின்123' என்றே விடப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்ததாகச் செய்திகள் வந்தன. 2016-ல் உலகின் பெரிய இணையதளங்களையே முடக்கிய 'மிராய்' வைரஸும் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான் கேமராக்களுக்குள் புகுந்தது.

மாட்ட வரும் டெக்னீஷியன் போடும் பாஸ்வேர்டை அவர் கிளம்பியதும் மாற்றணும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் 'போர்ட்' திறந்துவிடச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 'வயர்கார்டு', 'டெயில்ஸ்கேல்' போன்ற விபிஎன் வழியே பார்ப்பது பாதுகாப்பு. அதைச் செய்யத் தெரிந்த ஆள் வீட்டிலோ தெருவிலோ இல்லையென்றால் லேப்டாப், மென்பொருள் ஆசையை விட்டுவிட்டு மெமரி கார்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஹார்ட் டிஸ்க் பழுதாகும், மென்பொருளுக்கு அப்டேட் வேண்டும். சொந்தப் பெட்டிக்கு சர்வீஸ் சென்டரும் நாமேதான்.

மூடுபனியில் தெரியுமா?

கேமராவைச் சுற்றி இருக்கும் அகச்சிவப்பு விளக்கு பனியில் பட்டுத் திரும்பினால் திரை முழுக்க வெள்ளை. அசைவு என்று நினைத்து ராத்திரி முழுக்க அலர்ட் வேறு அடிக்கும். விளக்கைத் தனியாக, கேமராவிலிருந்து தள்ளி மாட்டினால் கொஞ்சம் குறையும். லென்ஸில் சிலந்தி கூடு கட்டினாலும் இதே தொல்லை. அதற்குத் துடைப்பம்தான் மருந்து.

சட்டம் என்ன சொல்கிறது?

இணையத்தில் இணையும் சிசிடிவி கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பெட்டியில் பிஐஎஸ் குறியோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டுப் பார்க்கலாம்.

வீட்டு உபயோகத்துக்கு ஒருவர் வைத்திருக்கும் தகவல்களுக்கு 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. அதற்காக எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம் என்று அர்த்தமில்லை. ஒரே வீட்டில் குடியிருக்கும் மற்றவர்களின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. வீட்டை ஹோம்ஸ்டேயாக விடுபவர்கள் விருந்தினர் அறைப் பக்கமே கேமராவைக் கொண்டுபோகக் கூடாது. பெண்களின் அந்தரங்கமான தருணங்களை அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவின்படி குற்றம்.

திருட்டு வழக்கில் காட்சியைச் சாட்சியாகக் கொடுக்க, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் தேவை. எனவே வாட்ஸ்அப்பில் பகிர்ந்த துண்டு வீடியோவை மட்டும் நம்பாமல், ரெக்கார்டரில் இருக்கும் மூலப் பதிவை அழியாமல் வைத்து போலீஸிடம் ஒப்படைக்கணும். பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும் என்பதால் சம்பவம் நடந்த அன்றே நகல் எடுத்துவிடுவது நல்லது.

வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

மாட்டி முடித்து டெக்னீஷியன் பணம் கேட்கும் நேரம்தான் சரியான நேரம். ரவுட்டருக்கு வரும் இன்டர்நெட் கேபிளை மட்டும் பிடுங்கிவிட்டு, அவரையே கேமரா முன்னாடி இரண்டு நிமிடம் நடக்கச் சொல்லுங்கள். வீட்டு வைஃபையிலேயே இருக்கும் போனில் நேரலை தெரிகிறதா? கேபிளை மறுபடி சொருகியதும் அந்த இரண்டு நிமிடப் பதிவு இருக்கிறதா? அடுத்து மெயின் சுவிட்சை அணைத்து இதையே இன்னொரு தடவை. ஸ்மார்ட் பல்பு, பிளக் வாங்குபவர்களும் இப்படியே பார்க்கலாம். கீசருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் இழுக்கும், 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் அதைச் சொருகக் கூடாது.