பெரிய திரை மட்டும் போதுமா?



"ஒன்றரை இலட்சத்துக்குள் ஒரு மடிக்கணினி வாங்கலாமா? பெரிய திரையுள்ளதாகப் பார்த்து வாங்கினால் போதுமா?" என்று பலர் கேட்டு எழுதுகிறீர்கள். கேட்பவர்களில் அதிகமானோர் தையல், பலகாரம், சிறு கடை என்று சொந்தக் காலில் நிற்பவர்கள். இந்தத் தொகை உங்களில் பலருக்கு இரண்டு வருடச் சீட்டுக் காசு என்பது எனக்குத் தெரியும். ஆகவே கடைக்காரர் சொல்வதை எழுதாமல், நானும் எங்கள் மாதர் சங்கத்துச் சகோதரி ஒருவரும் பட்டறிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். 2021 இல் இரண்டு காப்புகளை அடகு வைத்து, 17 அங்குலத் திரையுள்ள பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். "அக்கா, இது ஐ 5, பெரிய டிஸ்பிளே, இதையே வேற ஆக்களும் கேட்டுக்கொண்டிருக்கினம்" என்று விற்றவர் அவசரப்படுத்தினார். திரையைப் பார்த்து மயங்கிப்போனேன். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது 10 வருடப் பழைய இயந்திரம் என்று ஒரு தம்பி சொன்னார். மின்சாரம் நின்றால் 20 நிமிடம்கூட ஓடாது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் அது வெறும் மூடிய பெட்டியாகவே கிடந்தது. அடுத்த வருடம் அடியோடு நின்றுவிட்டது. சங்கத்தின் ஒரு வருடக் கணக்கும் அதோடு போயிற்று. காப்புகளை மீட்க மேலும் ஏழு மாதம் வட்டி கட்டினேன்.

யாருக்கு, எதற்கு?

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் சங்கத்துச் சகோதரி ஒருவர் என்னைத் துணைக்கு அழைத்தார். வயது 52. 2009 இல் எறிகணைச் சிதறல் பட்டு வலக்கண் பார்வை போனவர். தையல்தான் சீவியம். கைத்தொலைபேசியில் கணக்குப் பார்த்துப் பார்த்து மற்றக் கண்ணும் நோகிறது என்றார். "அக்கா, எனக்கு இருக்கிறது ஒரு கண். அதுக்கேத்த மாதிரி ஒண்டைப் பாத்து எடுத்துத் தாங்கோ" என்று அவர் சொன்னபோது, இம்முறை பிழைவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

போவதற்கு முன் இருவரும் இருந்து ஒரு தாளில் வேலைகளை எழுதினோம். தையல் வரவு செலவு, சட்டை மாதிரிகளை வாடிக்கையாளருக்குக் காட்டுவது, மகளின் பாடங்கள், வெளிநாட்டிலுள்ள தம்பியுடன் முகம் பார்த்துக் கதைப்பது, பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதுவது, காணாமற்போன கணவரின் கடிதக் கோவையைப் படமெடுத்துப் பத்திரப்படுத்துவது. விளையாட்டோ, படம் வெட்டி ஒட்டும் பெரிய வேலையோ இல்லை. இந்த ஆறு வேலைக்கும் விலை கூடிய இயந்திரம் தேவையில்லை. ஆனால் ஆகக் குறைந்ததும் உதவாது. நீங்களும் இப்படி ஒரு தாள் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

திரையில் பார்க்க வேண்டியது

திரையின் அளவு மூலைக்கு மூலை அளப்பது. 15.6 அங்குலம் என்றால் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். கடையில் அதே அளவில் இரண்டு இயந்திரங்களை அருகருகே வைத்தார்கள். ஒன்றின் விலை 20,000 ரூபா குறைவு. சகோதரி இரண்டிலும் ஒரே தமிழ்ப் பக்கத்தைத் திறந்து வாசித்தார். மலிவானதில் எழுத்துகளின் சுழிகள் மங்கித் தெரிந்தன.

காரணம் புள்ளிகள். மலிவான திரையில் குறுக்கே 1366, நெடுக்கே 768 புள்ளிகள். மற்றதில் 1920 க்கு 1080. முன்னையதில் மொத்தம் பத்தரை இலட்சம் புள்ளிகள், பின்னையதில் 20 இலட்சத்துக்கும் மேல். ஒரே அகலச் சீலையில் இழை நெருக்கமாக இருப்பதற்கும் ஐதாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. தமிழ் எழுத்தின் சுழிக்கும் புள்ளிக்கும் நெருக்கமான இழை வேண்டும்.

அடுத்து, பக்கவாட்டில் நின்று பாருங்கள். சில மலிவுத் திரைகளில் நேரே இருப்பவருக்கு மட்டுமே நிறம் சரியாகத் தெரியும். பக்கத்தில் இருப்பவருக்குச் சிவப்புச் சட்டை வேறு நிறமாகத் தெரியும். தையற்காரிக்கு இது பெரிய குறை. 'ஐ.பி.எஸ்.' வகைத் திரையா என்று கேளுங்கள். அதில் எந்தப் பக்கமிருந்தும் நிறம் பெரிதாக மாறாது. பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து, கறுப்புப் புள்ளி ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

17 அங்குலம் இன்னும் நல்லதல்லவா என்று சகோதரி கேட்டார். கண்ணுக்கு நல்லது, தோளுக்கு நல்லதல்ல. 15.6 அங்குல இயந்திரங்கள் பெரும்பாலும் 1.7 கிலோவை அண்டியவை. 17 அங்குலம் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால், விண்டோஸ் அடையாளமுள்ள விசையையும் கூட்டல் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். உருப்பெருக்கி திறக்கும். இதற்குத் தனிக் காசு இல்லை.

திரைக்குப் பின்னால் இருப்பது

மலிவான இயந்திரத்தில் பெரிய திரையைப் போட்டுவிட்டு உள்ளே குறைத்துவிடுவார்கள். ஆகவே நான்கு விடயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, ராம் எனப்படும் நினைவகம். இது நாங்கள் வேலை செய்யும் மேசை போன்றது. விண்டோஸ் 11 க்கு ஆகக் குறைந்தது 4 கிகாபைட் வேண்டும். ஆனால் 4 இருந்தால் விண்டோஸே மேசையின் பெரும்பங்கை நிரப்பிவிடும். 8 இருப்பதையே எடுங்கள். சிலவற்றில் நினைவகத்தை உள்ளே ஒட்டியே விடுவார்கள். பின்னர் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள்.

இரண்டாவது, சேமிப்பகம். இது அலுமாரி. பழைய சுழலும் வன்தட்டு 1000 கிகாபைட் கொள்ளும், ஆனால் மெதுவானது. விழுந்தால் பழுதாகும் ஆபத்தும் கூட. எஸ்.எஸ்.டி. வகையில் 256 கிகாபைட் எங்கள் வேலைக்குத் தாராளம். மலிவானவற்றில் 'ஈ.எம்.எம்.சி.' என்ற வகையும் உண்டு. அது எஸ்.எஸ்.டி.யை விட வேகம் குறைந்தது.

மூன்றாவது, செயலி. 'ஐ 5' என்ற பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். அதன் பின்னால் வரும் இலக்கமே தலைமுறையைச் சொல்லும். 2520 என்றால் இரண்டாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. என்னிடம் விற்றது இரண்டாம் தலைமுறை. இன்ரெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றைப் பொதுவாக விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. பாவித்த இயந்திரம் வாங்குவோர் இதை முதலில் பார்க்க வேண்டும். புதியவற்றில் 'என் 100' போன்ற சிறிய செயலியும் எங்கள் வேலைக்குப் போதும்.

நான்காவது, பற்றரி. அதன் அளவு வாட்-மணியில் எழுதப்பட்டிருக்கும். சாதாரண வேலைக்கு மணித்தியாலத்துக்குப் பத்து வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 இருந்தால் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். பாவித்ததாக இருந்தால், சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலம் கடையிலேயே ஓட விடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விண்டோஸ் விலைக்குள் அடங்குமா என்றும் கேளுங்கள். சில இயந்திரங்கள் அது இல்லாமலே விற்கப்படுகின்றன. கடிதத்துக்கும் கணக்குக்கும் 'லிப்ரே ஒபிஸ்' இலவசமாகக் கிடைக்கிறது.

மூன்று மாதப் பாவனையில்

நாங்கள் 138,000 ரூபாவுக்கு எடுத்தது 15.6 அங்குலம், 1920 க்கு 1080 புள்ளி, 8 கிகாபைட் நினைவகம், 256 கிகாபைட் எஸ்.எஸ்.டி., என் 100 செயலி. சகோதரி மூன்று மாதமாக நாள்தோறும் பாவிக்கிறார். கண் நோவு குறைந்திருக்கிறது என்கிறார். விசைப்பலகையின் வலப்பக்கம் இலக்கங்கள் தனியாக இருப்பதால் கணக்குக் கெதியாக முடிகிறது. பெரிய திரையோடு வரும் நன்மை இது. சிறிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருக்காது.

குறைகளும் உண்டு. முற்றத்து வெளிச்சத்தில் திரை தெரியாது. தகரக் கூரையில் மழை பெய்தால் தம்பியின் குரல் கேட்காது, காதுக்கருவி வேண்டும். கமராவில் மாலையில் முகம் மங்கலாகத் தெரிகிறது. நல்ல வெயிலில் அடிப்பக்கம் சுடுகிறது. பெரும்பாலான மடிக்கணினிகள் 35 பாகை செல்சியஸ் வரையான சூழலுக்கே செய்யப்பட்டவை. வன்னி வெயிலில் தகரத்தின் கீழ் அது சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே பாயிலோ தலையணையிலோ வைக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைபடும். மேசையில் வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

காசு கொடுக்கும்போது

தவணைக்குத் தருகிறோம் என்றார்கள். மாதம் 15,000 ரூபாப்படி 12 மாதம். கூட்டிப் பார்த்தால் 180,000. 42,000 ரூபா மேலதிகம். சகோதரிக்கு அது இரண்டு மாதத் தையற் கூலி. நாங்கள் கைக்காசு கொடுத்து எடுத்தோம். மாதக் கட்டணத்தைப் பார்த்து மகிழாமல் மொத்தத்தைக் கூட்டுங்கள். நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாட்டால்தான் 2018 இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. அந்த வலையில் ஒரு மடிக்கணினிக்காக மீண்டும் விழ வேண்டாம். காசு போதாவிட்டால் நாலு பேர் சேர்ந்து சங்கத்துக்கு ஒன்று வாங்கலாம்.

பற்றுச்சீட்டில் மொடல், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் மூன்றும் எழுதச் சொல்லுங்கள். பற்றரிக்கும் சார்ஜருக்கும் உத்தரவாதம் வேறாக இருக்கலாம், அதையும் கேளுங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று

வாங்கிய முதல் கிழமையே சகோதரி அந்தப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். கணவரைத் தேடி அவர் கொடுத்த கடிதங்களின் பிரதிகள். மனித உரிமைகள் ஆணைக்குழு, 2010 இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, பின்னர் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்று எல்லா இடத்துக்கும் கொடுத்தவை. மழையில் நனைந்தவை, மடிப்பில் கிழிந்தவை. கைத்தொலைபேசியில் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கியபோது, தேய்ந்துபோன ஒரு திகதியை அவர் தானே வாசித்தார். "இத்தனை வருசமா மகளைக் கொண்டுதான் வாசிப்பிச்சனான்" என்றார். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அந்தப் படங்களை இயந்திரத்தில் மட்டும் வைக்கவில்லை. இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்தோம். ஒன்று அவரிடம், மற்றது அடுத்த ஊரிலுள்ள அவருடைய தங்கை வீட்டில். என் பழைய இயந்திரம் சங்கக் கணக்கைக் கொண்டுபோனபோது கற்ற பாடம் இது. எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். மூலக் கடிதங்களையும் எறிந்துவிடாதீர்கள்.

எனவே சகோதரிகளே, அங்குலத்தைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் வேலைத் தாளோடு போய், கடையில் இருந்து, உங்கள் கண்ணால் வாசித்து, உங்கள் விரலால் தட்டிப் பார்த்த பிறகே காசை எடுங்கள்.

அடுத்த இதழில், மடிக்கணினியில் தையற் கணக்கு எழுதும் முறையைப் பார்ப்போம்.