கைக்குள் நூலகம், வழிகாட்டுவார் யார்?

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாத்தளை நகரை அண்மித்து அளுவிகாரை அமைந்துள்ளது. வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அவ்விடத்தேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பர். ஓதுவார் மறைந்தால் ஓதியதும் மறையுமே என்ற அச்சம் பிக்குகளை எழுத்தாணி எடுக்கச் செய்தது. விகாரையிலிருந்த ஏட்டுத் தொகுதியோ 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அழிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதனவும் இருந்தன.

இவ்விழப்பை உணர்ந்தோர்க்கே, 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் இணையக் களஞ்சியத்தின் அருமை நன்கு விளங்கும். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து, எவரும் காசின்றிப் படிக்குமாறு அது வழங்குகின்றது. அதற்கும் முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் அறிவியலறிஞர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கிற்று. பல நாடுகளிலுமுள்ள அன்பர்கள் ஊதியம் கருதாது பண்டை இலக்கியங்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி ஏற்றினர்.

பெருநகரத்துப் புத்தகசாலைகளுக்குத் தொலைவிலுள்ள தம்புள்ளை போன்ற ஊர்களின் தமிழ் மாணவனுக்கு இஃது எத்துணைப் பெரிய வரம்! ஆயினும் அவன் அவ்வாயிலை அறிவானா? கைபேசியில் நூற்பெயரை இட்டுத் தேடுகிறான். வாழும் எழுத்தாளர் ஒருவரின் நாவலைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்த கோப்பொன்று முதலில் வந்து நிற்கிறது. இலவசம் என்பதனால் அதுவும் உரியதே என எண்ணிவிடுகிறான். உரிமை நீங்கிய நூல் வேறு, உரிமை பறிக்கப்பட்ட நூல் வேறு. பாரதியின் ஆக்கங்களுக்கான உரிமையை 1949இல் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கியது. கல்கியின் எழுத்துகளும் புதுமைப்பித்தனின் எழுத்துகளும் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டன. இவற்றைக் கூச்சமின்றிப் படிக்கலாம். வாழ்வோரின் நூலை அவர்தம் இசைவின்றிப் படியெடுப்பதோ அவர் உழைப்பில் கைவைப்பதாகும்.

இன்னொன்று, பதிப்பு. தட்டெழுதிய பாடத்தில் சொல்லைத் தேடுவது எளிது. ஆனால் பதிப்பாசிரியரின் முன்னுரையும் பாடபேதங்களும் அதில் பெரும்பாலும் இரா. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றிய கலித்தொகையை ஆராய விழைவோர், முதற்பதிப்பின் படப்பிரதியையே நாடவேண்டும். சுவைக்கு முன்னது, ஆய்வுக்குப் பின்னது என்பது நம் கருத்து.

களஞ்சியம் தெரிவு செய்து தராது. அனைத்தையும் காப்பதே அதன் கடன். தெரிவு ஆசிரியர் கடன். நம் ஆசிரியர் சிலரோ, இணையத்தைப் பரீட்சை வினாத்தாள் இறக்கும் இடமாகவே கருதுகின்றனர்! தவணைக்கு ஐந்து நூல்களை, இருக்குமிடமும் பதிப்பாண்டும் குறித்து, வகுப்பறைச் சுவரில் ஒட்டினால் என்ன? மாணவரை 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’யின் பழைய இதழ்களுக்கு முதலில் அழைத்துச் செல்லலாம். ஒவ்வோர் இதழும் சிறிது; சிறுகதையும் கவிதையும் விமரிசனமும் ஒருங்கே கிடைக்கும்; ஒரு பாடவேளைக்குள் வாசித்து விவாதிக்கவும் இயலும்.