எட்டுப் போட்டவன்

திருத்தணியிலிருந்து நகரிக்கு மோட்டார் சைக்கிளில் செல்பவனை எவரும் உரிமத்தை மாற்றிவரச் சொல்வதில்லை. 1960-இல் எங்கள் ஊர் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை எங்கே நகர்ந்தாலும் ஓட்டுநர் உரிமம் நாடு முழுமைக்கும் ஒன்றே.

கடல் கடந்தால் கதை வேறு. பிரிட்டனில் குடியேறுபவர் இந்திய உரிமத்துடன் 12 மாதங்கள் ஓட்டலாம். அதன்பின் தற்காலிக உரிமம் பெற்று, சாலை விதிகளிலும் ஓட்டுதலிலும் புதிதாகத் தேர்வு பெறவேண்டும். ஆஸ்திரேலிய, ஜப்பானிய உரிமங்களையோ தேர்வின்றி மாற்றிக்கொள்ளலாம்.

இதை அவமதிப்பு என்று அங்கிருந்து எழுதினான் என் மாணவன். அவன் வருத்தம் புரிகிறது. முடிவை ஏற்க இயலவில்லை. மைதானத்தில் ஒருமுறை எட்டுப் போட்டதன்றி, நெரிசல்மிக்க சாலையில் ஓட்டத் தெரியும் என்று நம்மில் எத்தனை பேர் மெய்ப்பித்தோம்? நம் தேர்வை நாமே மதிக்காதபோது, அயலான் மதிக்கவில்லையென நோவது எங்ஙனம் நியாயம்?