ஒரே சிரப்பில் ஒவ்வாமைக்கும் சளிக்கும் புழுவுக்கும்: மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்குத் திறந்த மடல்

பெறுநர்: இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, புது தில்லி
பொருள்: டிஇசி கலந்த கூட்டு மருந்துகள்

யானைக்கால் நோய்ப் புழுவின் நுண்புழுக்களை எதிர்த்து நுரையீரலில் மூளும் கடும் ஒவ்வாமையே வெப்பமண்டல நுரையீரல் ஈசினோஃபிலியா. இரவில் விடாத இருமலும் இழுப்பும் வாட்டும். ஈசினோஃபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 3,000-ஐத் தாண்டும். நுண்புழுக்கள் நுரையீரலிலேயே சிக்கி அழிவதால் இரத்தத்தில் தேடினால் அகப்படுவதில்லை. 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் ஃபிரிமோட்-மோலரும் பார்ட்டனும் இதைக் காசநோய்போல் தோன்றும் தனி நோயாக விவரித்தனர். 1943-இல் வைன்கார்ட்டன் அதற்குப் பெயர் சூட்டி, ஆர்செனிக் ஊசியால் குணப்படுத்தினார். பின்னர் வந்த டைஎத்தில்கார்பமசின், அதாவது டிஇசி, இன்றுவரை முதன்மை மருந்து.

இந்த டிஇசியோடு ஒவ்வாமைக்கான சிட்ரிசின், சளியை இளக்கும் குவைஃபெனசின் அல்லது ஆம்ப்ராக்சால் ஆகியவற்றைச் சேர்த்த மாத்திரைகளும் சிரப்புகளும் இந்தியச் சந்தைக்கு வந்தன. கோளாறு அளவில் தொடங்குகிறது. டிஇசி உடல் எடைக்கேற்பத் தரப்படுவது: கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து, சுமார் 21 நாள். 50 கிலோ எடையுள்ளவருக்கு அது 300 மி.கி. சிட்ரிசினோ, எடை எதுவானாலும் பெரியவர்களுக்கு நாளுக்கு 10 மி.கி. மட்டுமே. ஒரு மாத்திரையில் 100 மி.கி. டிஇசியும் 10 மி.கி. சிட்ரிசினும் இருப்பதாகக் கொண்டால், மூன்று வேளை விழுங்குபவருக்குச் சிட்ரிசின் மும்மடங்காகிறது; ஒரு வேளையோடு நிறுத்தினால் டிஇசி மூன்றில் ஒரு பங்காகிறது. விகிதத்தை மாற்றினாலும் அது ஏதோ ஓர் எடைக்கே பொருந்தும். இருமல் தணிந்ததும் சிரப்பை நிறுத்திவிடுவது வீடுகளில் வழக்கம். புழுவுக்கான 21 நாள் அங்கேயே அறுபடுகிறது. சரியாகக் குணமாகாத நோய் நுரையீரலில் நிரந்தரத் தழும்பை விட்டுச்செல்லக்கூடும் என்பதால் இது சிறு குறை அன்று.

இதைவிடப் பெரிய தீங்கு, நோயைக் கண்டறியும் வேலையே நடக்காமல் போவது. உருளைப்புழுவின் இளம்புழுக்கள் நுரையீரலைக் கடக்கும்போதும் இருமல் வரும், ஈசினோஃபில் கூடும். அதற்கு உரியது அல்பெண்டசோல். ஆஸ்துமாவுக்கு வேண்டியது இன்ஹேலர். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு இருப்பவருக்கு இழுப்பு என்று ஸ்டீராய்டு கொடுத்தால் புழு உடலெங்கும் பெருகி உயிரையே பறிக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சிரப் என்ற வசதி, இரத்தப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் அவசியமே இல்லை என்ற எண்ணத்தை விதைக்கிறது.

1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவு இத்தகைய கூட்டுகளைத் தடை செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகள் தடைசெய்யப்பட்டன. தில்லி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. உச்சநீதிமன்றம் மறுஆய்வுக்கு உத்தரவிட, 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடைக்குள்ளாயின. டிஇசியை ஒவ்வாமை மருந்தோடோ சளி மருந்தோடோ சேர்க்கும் உரிமம் எந்த மாநிலத்தில் எஞ்சியிருந்தாலும், அதையும் 26ஏ பிரிவின்கீழ் ஆராய்ந்து விலக்கப் பரிந்துரைப்பது தலைமை அதிகாரியின் கடமை. டிஇசி தனி மாத்திரையாக மலிவாகவே கிடைக்கிறது. அதன் உறையில் எடைவாரியான அளவும் முடிக்க வேண்டிய நாள்களும் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிடப்பட வேண்டும்.