அந்தத் துப்பாக்கி யாருடையது?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நவம்பர் மாதம் என்றாலே மான் வேட்டைதான். அங்கே அது செல்வந்தரின் கேளிக்கையன்று; உழைக்கும் குடும்பங்களில் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வரும் மரபு. அம்மரபில் பிறவாத ஒருவர், நடுவயதில் வேட்டை பழக விழைந்து, தம் பத்து வயதுப் பிள்ளையையும் உடனழைத்துச் செல்ல எண்ணுகிறார் என்று கொள்வோம். அவர்முன் எழும் முதல் கேள்வி: எந்தத் துப்பாக்கியை வாங்குவது?

வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை இதுதான்: தந்தைக்கு ஒரு 12 போர், பிள்ளைக்குச் சிறியதாய், அதற்கே சொந்தமாய், இன்னொன்று. இவ்வறிவுரையை நான் மறுக்கிறேன். இருவருக்கும் ஒரே துப்பாக்கி போதும். அது ஒருமுறைக்கு ஒரே தோட்டா ஏற்கும் .22 ரைஃபிளாக இருக்கட்டும். பிள்ளையின் தோளுக்கு அளந்ததாக இருக்கட்டும். ஆனால் அது பிள்ளையின் உடைமையாக இருத்தல் கூடாது.

முதலில் வலிமையைப் பார்ப்போம். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே 12 போர்க் குழலின் விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். அதன் பின்னுதைப்பு தோளைப் பதம் பார்க்கும். அடி வாங்கிய தோள் அடுத்த முறை விசையைத் தொடும்போதே சுருங்கும், கண் மூடிக்கொள்ளும், குறி விலகும். விளைவு? காயமுற்ற விலங்கு புதருக்குள் ஓடி, நெடுநேரம் துடித்துச் சாகும். அத்துன்பத்துக்குப் பொறுப்பு விலங்கினுடையதன்று.

அப்படியானால் பிள்ளைக்கு மெல்லிய .410 கொடுக்கலாமே என்பர். 20 போரின் வழக்கமான தோட்டாவில் ஏறக்குறைய 25 கிராம் ஈயச் சிறுகுண்டுகள் உண்டு; .410இன் சிறிய தோட்டாவிலோ 14 கிராமே. பறக்கும் பறவைமேல் அவ்வளவு குறைந்த குண்டுகளைச் செலுத்தி வீழ்த்துவது தேர்ந்தவர்க்கே கைவரும். கற்கத் தொடங்குபவனிடம் கடினமான கருவியைக் கொடுத்துவிட்டு, அதைக் கருணை என்று அழைப்பதா?

1887ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள .22 நீள்தோட்டாவுக்குப் பின்னுதைப்பு இல்லையென்றே சொல்லலாம். பெரும்பாலான மாநிலங்களில் அதைக்கொண்டு மானைச் சுட அனுமதியில்லை. அதனாலேயே அதைப் போற்றுகிறேன். தந்தையும் பிள்ளையும் முதலில் தாள் இலக்கோடும், பின்னர் அணில் வேட்டையோடும் நின்றுகொள்ள வேண்டியிருக்கும். அசையாது அமர்தலும், ஐயமிருந்தால் சுடாதிருத்தலும் அங்கேதான் கைவரும். மான் ஓடிப்போய்விடாது, சில ஆண்டுகள் காத்திருக்கும்.

அடுத்து, அளவு. “பெரியதாகவே வாங்குவோம், வளர்ந்தால் சரியாகிவிடும்” என்பது சட்டைக்குப் பொருந்தும், துப்பாக்கிக்குப் பொருந்தாது. கட்டை நீண்டிருந்தால் பிள்ளை முதுகை வளைத்துப் பின்சாய்ந்தே குறிபார்க்கும். குட்டையான கட்டையைப் பெரியவர் சமாளித்துக்கொள்ளலாம். நீண்டதைச் சிறுவன் சமாளிக்க இயலாது. ஆகவே விட்டுக்கொடுக்க வேண்டியவர் தந்தையே.

விஸ்கான்சின் சட்டமே ஒருகாலத்தில் இவ்வழியில் நின்றது. வழிகாட்டியுடன் செல்லும் சிறார் வேட்டையில், இருவருக்கும் சேர்த்து ஒரே ஆயுதம்; வழிகாட்டி கைக்கெட்டும் தொலைவிலேயே இருத்தல் வேண்டும் என்றிருந்தது. 2017ஆம் ஆண்டில் ஒரே ஆயுதம் என்ற விதியும், பத்து வயது என்ற வரம்பும் ஒருசேர நீக்கப்பட்டன. எந்த வயதில் அழைத்துச் செல்வது என்பதைப் பெற்றோரே அறிவர் என்றனர். பிள்ளையைப் பெற்றோர் அறிவர், உண்மை. ஆனால் துப்பாக்கியை அவர் அறிவாரா? தாமும் புதியவராயிருக்கும் தந்தை, தம் துப்பாக்கியை நோக்குவாரா, பிள்ளையின் குழல்முனையை நோக்குவாரா? அவர் கை வெறுமையாக இருந்தால்தான் பிள்ளையின் கையைப் பிடிக்க முடியும்.

“தனக்கென ஒன்று இருந்தால் பொறுப்பு வளரும்” என்பது இறுதி வாதம். 2013ஆம் ஆண்டு கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பரிசாகத் தரப்பட்ட ரைஃபிள் வீட்டின் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே தோட்டா இல்லையென்றே வீட்டார் எண்ணியிருந்தனர். அவன் கையில் அது வெடித்து, அவனுடைய இரண்டு வயதுத் தங்கை இறந்தாள். அதுவும் சிறார்க்கெனச் செய்யப்பட்ட .22தான், நான் பரிந்துரைக்கும் அதே வகை. இதை மறைப்பது என் மனச்சான்றுக்கு ஒவ்வாது. சிறிய துப்பாக்கி என்று ஒன்றில்லை; அதன் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் செல்லவல்லது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்கச் சிறார், பதின்வயதினர் ஆகியோரின் மரணத்துக்குத் துப்பாக்கியே முதற்காரணமாயிற்று. அவற்றுள் பெரும்பகுதி கொலையும் தற்கொலையும், வேட்டையாலன்று. ஆயினும் வேட்டைத் துப்பாக்கியும் வீட்டில்தான் உறங்குகிறது.

எனவே அது பரிசுப்பொருள் ஆகலாகாது. பூட்டிய பெட்டியில் துப்பாக்கி. வேறொரு பூட்டில் தோட்டா. இரு சாவிகளும் தந்தையிடம். கடைக்குப் போகுமுன் இருவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி பெறட்டும். 1973க்குப் பின் பிறந்த தந்தை அச்சான்றிதழின்றி வழிகாட்டியாக நிற்கவும் அம்மாநிலச் சட்டம் இடம்தருவதில்லை.

பொறுப்பு என்பது கையில் கொடுத்து வளர்ப்பதன்று. கண்முன் வாழ்ந்து காட்டுவது. ஒவ்வொரு முறையும் தந்தை பெட்டியைத் திறந்து, குழலை வெறுமையா என்று பார்த்து, பிள்ளையையும் பார்க்கச் சொல்லட்டும். பிள்ளைக்கு அவர் தரத்தக்க முதல் உடைமை அந்தப் பழக்கமே. துப்பாக்கி பிறகு வரட்டும்.